ஒரு தீவின் நோய்க் கணக்கு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வைத்தியம் கற்றோர் பேசவேண்டிய பொருளை இரயில்வே குமாஸ்தா பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பேசப்போவது மருந்தைப் பற்றியன்று, கணக்கைப் பற்றியே. புற்றுநோயை எதிர்க்கும் போரில் பேரேட்டுக்கும் இடமுண்டு என்பதை எடுத்துரைக்கவே முன்வந்தோம்.

அட்லாண்டிக் பெருங்கடலின் வடபால் ஐஸ்லாந்து என்னும் தீவு உள்ளது. இன்றும் அங்கு வாழ்வோர் நான்கு இலட்சத்துக்கும் குறைவே. 1951இல் அங்கே புற்றுநோய்ச் சங்கம் ஒன்று தோன்றியது. 1954இல் அது தீவு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் பெருமுயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அதே ஆண்டில்தான்.

தீவுக்கு எல்லை வகுப்பது கடல். மருத்துவமனைகளோ சில. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஆகவே இரண்டு மருத்துவமனைகளுக்குச் சென்றவரும் ஏட்டில் ஒருவராகவே நிற்பார். ஆயினும் சிறு தீவுக்கு ஒரு குறையுண்டு. சில பேர் கூடினாலும் குறைந்தாலும் ஓராண்டுக் கணக்கு பெரிதும் மாறித் தோன்றும். அதனால் பல ஆண்டுகளைச் சேர்த்தே பார்ப்பர்.

ஏட்டின் முதன்மையான கணக்குகள் இரண்டு. புதிதாக நோய் கண்டவர் எத்தனை பேர் என்பது ஒன்று. அந்நோயால் மாண்டவர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து குறைந்தால், நோயின் வேரே தளர்கிறது எனலாம். நோயுற்றோர் தொகை குறையாமல் சாவு மட்டும் குறைந்தால், சிகிச்சை சிறந்தது எனக் கொள்ளலாம். வெறும் எண்ணிக்கை மட்டும் போதாது. பயணச்சீட்டு அதிகம் விற்ற ஊரார் யாவரும் பயணப் பிரியர் என்று சொல்லிவிட முடியுமா? ஊரின் மக்கள் தொகையையும் பார்க்கவேண்டும். அவ்வாறே இலட்சம் பேருக்கு இத்தனை என்றும், முதியோர் மிகுதியை ஈடுசெய்தும் கணக்கிடுவர்.

அவ்வேடு என்ன பயன் தந்தது? 1950களில் அத்தீவின் ஆடவரிடையே இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருந்தது. புகையூட்டிய இறைச்சியையும் மீனையும் பேராசிரியர் நீல்ஸ் துங்கல் ஐயுற்றார். பின்வந்த ஆண்டுகளில் அந்நோய் வெகுவாகக் குறைந்ததை ஏடு காட்டியது. 1964இல் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை தொடங்கிற்று. 1965க்கும் 1982க்கும் இடையே அந்நோயால் நேர்ந்த சாவு விகிதம் ஏறத்தாழ 80 சதவீதம் வீழ்ந்தது. பரிசோதனை பலித்தது என்பதற்கு ஏடே சாட்சி.

நம் பாரத நாடும் வாளாவிருக்கவில்லை. 1963இல் பம்பாயில் பதிவேடு தொடங்கியது. 1981இல் எழுந்த தேசியத் திட்டத்தில் பம்பாய், சென்னை, பெங்களூர் ஆகிய நகரங்கள் முதலில் இடம்பெற்றன. ஆனால் நம் நகரங்களுக்குக் கடல் வேலியில்லை. இங்கே ஓராண்டேனும் வசித்தவரையே அவ்வூரார் எனக் கொள்வது பதிவின் மரபு. நம்மவரோ நோய் கண்டதும் வேலூருக்கோ அடையாற்றுக்கோ செல்கின்றனர். அங்கே சொந்த ஊர் முகவரியையே எழுதுகின்றனர். இவ்வூரின் கணக்கில் ஓர் உயிர் விடுபட்டுப் போகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் காலனியிலேயே, ஈமக்கடன் முடிந்த பின்னரே நோயின் பெயரை அடுத்த வீட்டார் அறிந்த குடும்பங்கள் சில உள்ளன. மகளின் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சமே காரணம். அவ்வச்சத்தை நாம் இகழமாட்டோம். ஆனால் பதிவகம் வெளியிடுவது எண்ணிக்கையை மட்டுமே, பெயரையன்று. மறைத்த நோய்க்கு மருத்துவமனையும் எழாது, பரிசோதனை முகாமும் வாராது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. எங்குச் சிகிச்சை பெறினும் நாம் வாழும் இவ்வூர் முகவரியையும் கூறுவோம். இறப்புச் சான்றிதழில் நோயின் உண்மைப் பெயர் இடம்பெறச் செய்வோம். நம் இல்லத் தாய்மார் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ளத் துணைநிற்போம்.

எண்ணப்படும் ஒவ்வொருவரும் பின்வருவோருக்கு வழிகாட்டி.