வாய்க்கால் ஓடின இடத்தில் வீட்டுமனை – யாரைக் கேட்டு அனுமதி?

(ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் ரெண்டு பக்கமும் பாருங்க. நெல்லும் தென்னையும் நின்ன இடத்துல மனைக்கல் நிக்குது. விற்றவனை நாம் திட்டவில்லை. கடனும் கல்யாணமும் நெருக்கினால் எவனும் விற்பான். அனுமதி கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம்.

சட்டம் இல்லையா? 1971-லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தாச்சு. இருந்தும் அங்கீகாரம் இல்லாமலே மனை போட்டார்கள், பத்திரமும் பதிந்தார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் அரசு விழித்தது. விழித்து என்ன செய்தது? 2016 அக்டோபர் 20-க்கு முந்தின மனைகளுக்குப் பணம் கட்டினால் வரன்முறை என்று 2017-இல் விதி போட்டது. வட்டிக்கு வாங்கி மூணு சென்ட் மனை வாங்கின ஏழைக்கு அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூடின வாய்க்காலை எந்தக் கட்டணம் திறக்கும்?

இப்போது அங்கீகாரத்தோடு வரும் மனையிலும் இதே கதைதான். சர்வே எண்ணைப் பார்க்கிறார்கள், தண்ணீர் போகிற வழியைப் பார்ப்பதில்லை. புறம்போக்கு வாய்க்கால் புல வரைபடத்தில் இருக்கும். பட்டா நிலத்துக்குள் வரப்போரமாகத் தலைமுறை தலைமுறையாகப் பாயும் வாய்க்கால் அதில் இருக்காது. தலைமடை வயல் மனையானால் அந்த வாய்க்கால் அன்றோடு சரி. மண் அடித்து மேடாக்கி ரோடு போட்டால், மழைத்தண்ணி பூராவும் பக்கத்து வயலுக்குள் நிக்கும். கோடையில் காய்ச்சல், ஐப்பசியில் அழுகல், ரெண்டும் நமக்கு!

போதாதென்று 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், உள்ளே ஓடையும் நீர்நிலையும் இருந்தாலும் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்த சட்டம் அது. விவசாய சங்கங்கள் எதிர்த்ததில் என்ன தப்பு?

அனுமதியே கொடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளுக்கும் வீடு வேணும். மனு வந்த அன்றே சர்வே எண்ணோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு. கிராம சபையில் வாசி. கண்மாய்ப் பாசன விவசாயிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு மடையிலிருந்து நடந்து பார்த்து அளந்து, அப்புறம் கையெழுத்துப் போடு. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரின் வாட்டம் தெரியுமா?

விருதுநகரில் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்கு நாலு பேராவது வாங்க. பட்டா நகல், புல வரைபட நகல் ரெண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டது என்று பென்சிலால் கோடு போட்டுக் கொண்டு வாங்க. மனுவைச் சங்கத்தில் எழுதித் தருகிறோம்.