ஒயில் முள் இறங்கினால்

(லொறிச் சாரதிமாருக்கும் உதவியாளர்களுக்குமான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆற்றிய உரை)



"மாஸ்டருக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும்?" என்று பின்வாங்கில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். நான் ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. ஆனால் ஒரு உள்ளக விசாரணையில் சாரதி ஒருவருக்குப் பக்கத்தில் சங்கத்தின் சார்பில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நாளும் பேச்செல்லாம் ஒரு சின்ன முள்ளைப் பற்றித்தான். தோட்டத்தின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கொழுந்து ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. "ஒயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறார், முள் இறங்கியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை" என்று குற்றப்பத்திரம் வந்தது. எஞ்சின் செலவைச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்போவதாகவும் சொன்னார்கள். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அந்த முள் பல மாதமாகவே கீழேதான் நிற்கிறது, நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்." யாரிடம் சொன்னீர்கள், எந்தத் திகதியில், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் எஞ்சின் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டுப் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்லவே இன்று வந்தேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். அந்த முள் எஞ்சினில் எவ்வளவு ஒயில் இருக்கிறது என்று காட்டுவதில்லை, ஒயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. நம் லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். மேலே தொட்டி, அதிலிருந்து குழாய். கீழ் லயத்தில் யாராவது குழாயைத் திறந்துவிட்டுப் போனால் மேல் லயத்துக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். தொட்டியில் தண்ணீர் குறைந்தாலும் அப்படித்தான். தொட்டி வாயில் இலை அடைத்தாலும் அப்படித்தான். குழாயடியில் நிற்கிறவருக்கு மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

எஞ்சினிலும் இதே கதைதான். கீழே சம்பில் இருக்கும் ஒயிலை பம்ப் ஒரு வடி வழியாக உறிஞ்சி, ஃபில்டர் வழியாக கிராங்க் பேரிங்குகளுக்குத் தள்ளுகிறது. சம்பில் ஒயில் குறைந்தால் முள் இறங்கும். வடி அடைத்தால் இறங்கும். பம்ப் தேய்ந்தாலும், ரிலீஃப் வால்வ் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இறங்கும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால், கீழ் லயத்துக் குழாய் திறந்து கிடப்பது மாதிரி ஒயில் அங்கே வழிந்து போய் முள் இறங்கும். ஒயில் தண்ணீராய்ப் போனாலும் இறங்கும். இவை ஒன்றுமே இல்லாமல் மீட்டரோ வயரோ பழுதானாலும் இறங்கும். ஆகவே முள்ளைப் பார்த்த உடனே "எஞ்சின் போய்விட்டது" என்பதும் பிழை, "மீட்டர்தான் பழுது, ஓட்டு" என்பதும் பிழை. இரண்டாவது பிழைதான் நம்மிடம் அதிகம்.

எவ்வளவு இருக்க வேண்டும்? காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் முள் உயரத்தில் நிற்கும், சூடானதும் இறங்கும். அது பழுது அல்ல. சூடான எஞ்சின் ஐட்லிங்கில் 10, 15 பி.எஸ்.ஐ. காட்டினால் பல டீசல் எஞ்சின்களுக்கு அது போதும். ஓடும்போது 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது மெக்கானிக்மார் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. முடிவான அளவு அந்தந்த எஞ்சினின் வேர்க்ஸொப் புத்தகத்தில்தான் இருக்கும். மீட்டரில் எழுதியிருப்பது எந்த அளவு என்றும் பாருங்கள். 1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ. ஆகவே 2 என்று காட்டும் மீட்டரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது பார் கணக்கு.

நம் மலைப் பாதையில் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. மேட்டில் ஏறும்போதும் கொண்டை ஊசி வளைவிலும் முள் விழுந்து, சமதரைக்கு வந்ததும் எழும்பினால், பெரும்பாலும் சம்பில் ஒயில் குறைவு. இருக்கும் ஒயில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சூட்டில், ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் ஒயில் மெலிந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் முள் துடித்தால் வயரைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று பூச்சியத்துக்கு வந்தால், எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தாலும் உண்மையென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி விழுந்தால் என்ன செய்வது? நிறுத்த வேண்டும். ஆனால் இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது எஞ்சினை ஓஃப் பண்ணாதீர்கள். பிரேக் உதவியும் பவர் ஸ்டியரிங்கும் எஞ்சினை நம்பித்தான் இருக்கின்றன. பின்னால் கொழுந்து மட்டுமா இருக்கிறது, சில நாள் ஆட்களும் இருப்பார்கள். முதலில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளீனர் தம்பி இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு எஞ்சினை ஓஃப் பண்ணுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் "ஃபெக்டரி பக்கத்தில்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டுகிற இரண்டு மைலில் பேரிங் உருகிவிடும்.

ஐந்து பத்து நிமிடம் பொறுத்து டிப் ஸ்டிக்கை எடுங்கள். லொறி சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். ஒயில் குறைவென்றால் போன வழியைத் தேடுங்கள்: சம்ப் நட், ஃபில்டர், சைலன்சர் புகை. பல ஜப்பான் சிறு லொறிகளில் பிரேக்குக்கான வெக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் எஞ்சின் ஒயிலிலேயே ஓடுகிறது. அதன் ஹோஸ் வெடித்து ஒயில் போவதைப் பலர் கவனிப்பதே இல்லை. அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விரலில் தொட்டு மணந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் இன்ஜெக்டர் வழியாகவோ பம்ப் வழியாகவோ டீசல் கலந்து ஒயில் மெலிந்துவிட்டது. பால் கலந்த தேத்தண்ணி மாதிரி நிறம் மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் அந்த லொறியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

அளவும் சரி, நிறமும் சரி, ஆனாலும் முள் கீழே என்றால்? இங்கேதான் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வயரைக் கழற்றிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு மீட்டரில் வயரைக் கழற்றினால் முள் விழும், இன்னொன்றில் ஏறும். வயர் ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு அது உதவலாம், எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. செய்ய வேண்டியது ஒன்றுதான். எஞ்சினில் பொருத்தியிருக்கும் ஒயில் யூனிட்டைக் கழற்றி, அந்தத் துளையில் தனியாக ஒரு கை மீட்டரைப் பூட்டி அளப்பது. புரி பொருந்தாவிட்டால் இறுக்கித் திணிக்க வேண்டாம், அதற்கு அடப்டர் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் ஐட்லிங், நன்றாகச் சூடானபின் ஐட்லிங், பிறகு சுற்றைக் கூட்டி ஒரு தடவை. மூன்று எண்களையும் எழுதுங்கள்.

கை மீட்டர் நல்ல அளவு காட்டினால் பழுது யூனிட்டிலோ வயரிலோ டேஷ்போர்ட் மீட்டரிலோதான். சின்னச் செலவு. கை மீட்டரும் குறைவாகக் காட்டினால், மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும்: சரியான ஒயில், புது ஃபில்டர், பிறகு ரிலீஃப் வால்வ். அதிலும் ஏறாவிட்டால் சம்பைக் கழற்றி வடி, பம்ப், பேரிங் என்று பார்க்க வேண்டும்.

சம்பைக் கழற்ற மனமில்லாத சில கராஜ்களில் தடித்த ஒயிலை ஊற்றி முள்ளைத் தூக்கிக் காட்டி அனுப்புவார்கள். முள் ஏறும், நாமும் சந்தோஷமாக ஓட்டுவோம். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கிறது. தை, மாசிக் குளிரில் நுவரெலியாப் பக்கம் பனி உறையும் காலையில் அந்தத் தடித்த ஒயில் பேரிங்குக்குப் போய்ச் சேரவே நேரமெடுக்கும். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை மாற்றுவது போன்ற வேலை இது.

சரி, அந்த விசாரணைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் நாங்கள் ஒன்று கேட்டோம். இரண்டு தரப்புக்கும் முன்னால் சம்பைக் கழற்றுங்கள் என்றோம். முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒயில் போதிய அளவு இருந்தது. வடியின் வலையில் கறுத்த சேறும், முன்பு சம்ப் பூட்டியபோது அளவுக்கு மீறிப் பூசிய சிலிக்கன் துண்டுகளும் அப்பிக் கிடந்தன. சாரதி ஒயில் பார்க்காமல் ஓட்டவில்லை, இருந்த ஒயில் மேலே போகவில்லை. குற்றச்சாட்டில் பாதி அங்கேயே விழுந்தது. மறுபாதி, அதாவது "முள் இறங்கியதைக் கண்டும் ஓட்டியது", அவ்வளவு இலகுவில் விழவில்லை. சொன்னதற்கு எழுத்து இல்லையே! சம்பள வெட்டு நின்றது, ஆனால் கடுமையான எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவர் கோப்பில் இன்றும் இருக்கிறது.

ஆகவே ரனிங் சார்ட்டைச் சும்மா கிலோமீட்டர் எழுதும் தாளாக வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், சூடான எஞ்சினில், ஐட்லிங்கில் முள் எங்கே நிற்கிறது என்று திகதியோடு எழுதுங்கள். ஊற்றிய ஒயிலை லீற்றர் கணக்கில் எழுதுங்கள். சாவியைத் திருப்பினதும் ஒயில் லைட் எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று தினமும் பாருங்கள். எரியாத லைட் எச்சரிக்கவும் மாட்டாது. முள் வழமையை விட இறங்கினால் அன்றே எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் கடிதத்தையும் மீட்டரையும் ஃபோனில் படம் எடுத்துத் தோட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். "பார்ப்போம், இன்றைக்கு மட்டும் ஓட்டு" என்று சொல்வார்கள். அதையும் யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று சார்ட்டில் எழுதுங்கள்.

சம்பளத்தில் வெட்டுவோம் என்று மிரட்டினால் அங்கேயே எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் வெட்ட முடியாது. "சம்மதிக்கிறேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் எங்கள் வேலை இரட்டிப்பாகும். முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கை மீட்டர் ஒன்றும் நாலைந்து அடப்டரும் சங்கக் காரியாலயத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை எடுத்துப்போய் திங்கட்கிழமை திருப்பித் தரலாம். பெயர் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், போன முறை குடை மாதிரி ஆகக் கூடாது.

வெளியே நிற்கிற லொறி இப்போது ஆறியிருக்கும். வாருங்கள், முதலில் டிப் ஸ்டிக்கைப் பார்ப்போம். கிளீனர் தம்பிமார் முன்னால் வாருங்கள்.