மலைக்குப் போகும் மூட்டையில் உலர்ந்த உணவு

பள்ளி விடுமுறை வந்தால் கோயில், கடற்கரை, உறவினர் வீடு என்று போய் வந்த நம் தோட்டத்துக் குடும்பங்கள் சில இப்பொழுது மலையேறவும் புறப்பட்டிருக்கின்றன. கெடாவில் இருப்பவர்களுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. ஜொகூர்ப் பக்கத்தவர்களுக்கு 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை. விடியுமுன் எழுந்து மேட்டிலும் பள்ளத்திலும் பால்மரம் வெட்டிப் பழகிய கால்களுக்கு நடை ஒரு பொருட்டல்ல. தொல்லை வருவது வயிற்றால்தான். மலை நடுவில் ஒரு பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் கண்டால், அதைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் இறங்குவது எப்படிப்பட்ட பாடு என்று எண்ணிப் பாருங்கள்.

பயணம் என்றால் நம் வீடுகளில் முதலில் கட்டுவது சோறு. ஒரு கிலோ அரிசியை வடித்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ சோறாகும். கூடிய ஒன்றரைக் கிலோவும் தண்ணீர். மலையில் ஆறு ஓடுகிறது. தண்ணீரைச் சோற்றுக்குள் வைத்து அடிவாரத்திலிருந்து சுமப்பானேன்? சுமைகூடப் பெரிதல்ல. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் விதைகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. புளிச்சோறு அன்றைய ஒரு வேளைக்குத் தாங்கும்; மறுநாளுக்கு ஆகாது. தேங்காய்ப்பால் விட்ட சோற்றை மலைக்கு எடுக்கவே வேண்டாம்.

கிருமி வளர ஈரம் வேண்டும். ஈரத்தை எடுத்துவிட்டால் உணவு நிற்கும். இது நமக்குப் புதிய செய்தியா? வற்றல், கருவாடு, அவல் எல்லாம் நம் பாட்டிமார் செய்ததுதான். ஆகவே கடையில் விலை கூடிய மலையேறிப் பொட்டலங்களைத் தேட வேண்டியதில்லை. உடனடி மீ வாங்கலாம் என்பார்கள். அது எளிதுதான், ஆனால் எண்ணெயில் பொரித்த மாவு அது.

சோற்றுக்குப் பதிலாகக் கெட்டி அவலை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த சோற்றை வெயிலில் காய வைக்கலாமே என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் அது காய்வதற்குள் கெட்டுவிடக்கூடும். அவலோ, நெல்லை ஊற வைத்து, வறுத்து, இடித்து, ஏற்கெனவே உலர்த்தியது. சலித்து, எண்ணெயில்லாமல் இருப்புச் சட்டியில் இலேசாக வறுத்து ஆற வைத்தால் போதும். நெத்திலியைக் கழுவி, தலையைக் கிள்ளி, நன்றாகக் காய வைத்து, முறுகலாக வெறுஞ்சட்டியில் வறுங்கள். பொரித்து எடுத்துப் போனால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மீன் உண்ணாதவர்களுக்குப் பொட்டுக்கடலை இருக்கிறது.

காய்கறிதான் பொறுமையைச் சோதிக்கும். காரட்டில் நூற்றுக்கு 88 பங்கு நீர். கோஸில் அதைவிட அதிகம். இவற்றையும் பயற்றங்காயையும் மெல்லியதாக அரிந்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நீரை வடித்து முறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள். காலை ஒன்பது மணிக்கு வெயிலில் வைத்தால் பிற்பகல் மழைக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டிருப்பதால் அங்குள்ளவர்களுக்கு வேலை சுலபம். மற்ற இடங்களில் ஒரு நாள் வெயிலுக்குப் பிறகு, மிகச் சிறு தணலில் சட்டியில் புரட்டிக் காய வைத்து முடியுங்கள். ஓவன் உள்ளவர்கள் 60 டிகிரியில், கதவைச் சற்றே திறந்து வைத்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் உலர்த்தலாம். முருங்கைக் கீரைக்கு வெயில் வேண்டாம். நிழலில் காற்றாட வைத்தாலே நொறுங்கும்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆறிய காய்கறியைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் போத்தலின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பவும் உலர்த்துங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். உணவு கெடுவதைப் பற்றி அறிவியல் பாடத்தில் படிக்கிறார்கள் அல்லவா?

பூசணம் ஒரு புள்ளி கண்டாலும் அந்தப் போத்தல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். 1988-ஆம் ஆண்டில் பேராக்கில் கெட்டுப்போன மீ உண்ட 13 பிள்ளைகள் இறந்தார்கள். அஃப்ளடாக்சின் என்னும் பூசண நஞ்சு காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். சாதாரணச் சமையல் சூட்டில் அந்த நஞ்சு அழியாது. நிலக்கடலையிலும் அது உண்டாகும். சுருங்கிய, நிறம் மாறிய கடலையைப் பொறுக்கி எறிந்த பிறகே மூட்டையில் வைக்க வேண்டும்.

இனி ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டலாம். நால்வருக்கு 400 கிராம் அவல் ஒரு பையில். உலர்ந்த காய்கறி இரண்டு கைப்பிடி, வறுத்த நெத்திலி 80 கிராம், மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, காய்ந்த கறிவேப்பிலை ஆகியவை இன்னொரு பையில். நெத்திலியில் உப்பு இருப்பதால் உப்பைத் தனியாக மடித்து வையுங்கள். இரண்டையும் மற்றொரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, எந்த நாள், எந்த வேளை என்று மேலே எழுதிவிடுங்கள்.

மலையில் காய்கறிப் பையை ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து, அவலைக் கொட்டிக் கிளறி, மூடி ஐந்து நிமிடம் வைத்தால் சாப்பாடு ஆயிற்று. விறகு மூட்ட எல்லா இடத்திலும் அனுமதி இராது. சிறிய காஸ் அடுப்பு நல்லது. குடிக்கும் நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்திருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் நம் ஆறுகளில் உண்டு.

காலைப் பசியாறச் சத்துமாவு போதும். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பயறு, ஒரு பங்கு பொட்டுக்கடலை. அரிசியையும் பயற்றையும் தனித்தனியே மணம் வர வறுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வெறும் மாவாக விழுங்கினால் சிறு பிள்ளைகளுக்குப் புரையேறும். சுடுநீரில் சர்க்கரையுடன் கூழாகக் கரைத்துக் கொடுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, மாலையில் ஒரு பொட்டலத்தை வீட்டிலேயே பிரித்துச் சமைத்துப் பாருங்கள். உப்பு, உறைப்பு சரிதானா, அளவு போதுமா என்பது அன்றே தெரிந்துவிடும். பிள்ளைகள் மறுபடியும் தட்டை நீட்டினால் மலைக்கு ஒன்றரைப் பங்காகக் கட்டுங்கள். அங்கே பசி அதிகம்.