கிராமத்து மாதர் சங்கமும் அதன் பணிகளும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமக்குத் தரப்பட்ட விடயம் கிராம முன்னேற்றத்தில் மாதரின் பங்கு என்பது. இவ்வாறான தலைப்புக் கிடைத்தால் ஔவையாரிலே தொடங்கி, பெண்ணைத் தெய்வமென்று போற்றி, கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்குவது வழக்கம். மிஷன் பாடசாலையிலே படித்த காலத்தில் அப்படி ஒரு பேச்சை மனனம் செய்து பரிசும் பெற்றோம். அது இன்னும் மறக்கவில்லை. ஆயினும் இன்று அதை ஒப்புவிக்க மனம் வரவில்லை. சென்ற பல்கலைக்கழக விடுமுறையிலே நாங்கள் மூவர் எமது கிராமத்து மாதர் சங்கத்திற்குக் கணக்கெழுதிக் கொடுக்கப் போனோம். கண்ணாலே கண்டதைச் சொல்வதே பொருத்தமென்று தோன்றுகிறது.

மாதர் சங்கம் என்பது ஏதோ நேற்று உத்தியோகத்தர் ஒருவர் வந்து படிவம் நிரப்பித் தொடக்கிவிட்ட காரியம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கனடா நாட்டிலே அடலெய்ட் ஹூட்லெஸ் என்ற ஒரு தாய் இருந்தார். 1889ஆம் ஆண்டிலே, இரண்டு வயதும் நிரம்பாத தம் ஆண் குழந்தையை அவர் பறிகொடுத்தார். அசுத்தமான பாலைக் குடித்ததே காரணமென்று அறிந்தபோது அவர் தம்மையே நொந்துகொண்டார். பாலை எப்படிப் பேணுவது என்று தமக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்ற துயரம் அவரை ஊர் ஊராகப் பேச வைத்தது. ஏர்லண்ட் லீ என்ற விவசாயி ஒருவர் அப்பேச்சைக் கேட்டுத் தம் ஊருக்கு அழைத்தார். அவரும் அவர் மனைவி ஜேனட்டும் அயலிலுள்ள பெண்களையெல்லாம் கூட்டத்திற்கு வரும்படி கேட்டுக்கொண்டனர். 1897 பெப்ரவரி 19இல் ஸ்டோனி கிறீக் என்ற அச்சிற்றூரிலே நூறு பெண்களுக்கு மேற் கூடி முதலாவது கிராம மாதர் கழகத்தை அமைத்தார்கள். அக்கழகத்தின் யாப்பு எழுதப்பட்டது லீ அவர்களின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேதான். நம் சபையிலுள்ள ஆண்மக்கள் அந்த மேசையைச் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் அதற்கு வருவோம்.

வங்காளத்திலே சரோஜ நளினி தத்தர் 1913இல் பப்னா என்னும் ஊரிலே மகளிர் சமிதி ஒன்றைத் தொடங்கினார். இவ்விரண்டு வழிகளும் நம் நாட்டிலே ஒன்றுசேர்ந்தன. சேர்த்து வைத்தவர் வைத்தியர் மேரி ரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்து, 1896இல் மிஷன் வழியாக வைத்தியப் பணிக்கென்று இலங்கைக்கு வந்தவர். தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று 1927இல் எழுந்த சங்கத்திலே முன்னின்றார். 1930இலே லங்கா மஹிளா சமிதியை நிறுவினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சேசே பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. உலகக் கிராமிய மாதர் சம்மேளனத்தின் மாநாடு 1957இலே கொழும்பிற் கூடியதென்றால், நம் நாட்டுச் சிற்றூர்ப் பெண்கள் செய்த வேலை எவ்வளவு தூரம் அறியப்பட்டிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அரசாங்கமும் 1948ஆம் ஆண்டு முதலாகக் கிராம அபிவிருத்திச் சங்கங்களை ஊக்குவித்து வந்தது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமென்று இன்று நாம் அழைப்பது அந்த வழியில் வந்ததே.

இனி எமது ஊருக்கு வருவோம். இங்குள்ள மாதர் சங்கம் எந்த ஆண்டிலே தொடங்கியது என்பதற்கு எழுத்திலே சான்றில்லை. பழைய கூட்ட அறிக்கைப் புத்தகங்கள் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே போய்விட்டன. ஊர் திரும்பியபோது மிஞ்சியிருந்தது ஒரு தையல் இயந்திரத்தின் இரும்புக் கால் மட்டுமே என்று தலைவி ஆச்சி சொல்கிறார். அந்தக் காலின்மேற் பலகையொன்றை அறைந்து அதைத்தான் இன்றும் மேசையாக வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை பின்னேரம். கூடுமிடம் ஒரு வீட்டுத் திண்ணை. மழை வந்தால் மாட்டுக் கொட்டிலின் தாழ்வாரம். அங்கே நடப்பவற்றுள் முதலாவது பன்னவேலை. பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் என்று நாம் பெயர் சொல்லிப் பழகியவைதாம். வடலியிலே குருத்தோலை வெட்டுவதிற்கூட ஒரு நீதி இருக்கிறது என்று அங்கேதான் அறிந்தோம். ஒரு வடலியின் குருத்தை ஓயாமல் எடுத்தால் அது வளராது கூனிப்போகும். ஆகவே இம்முறை எடுத்த வடலியை அடுத்த முறை தொடமாட்டார்கள். வெட்டிய ஓலையை வெயிலிலே காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, சாயம் வேண்டுமாயின் அவித்து ஏற்றி, பின்பே கை பின்னத் தொடங்குகிறது. இத்தனை வேலையும் முடிந்தபின் வியாபாரி வந்து தாமே விலை சொல்லி எடுத்துப்போவார். சங்கத்தார் இப்பொழுது ஓலையை ஒன்றாக வாங்கி, பொருளையும் ஒன்றாகச் சேர்த்து விலை பேசுகிறார்கள். தனியே நின்ற பெண்ணிடம் விலை சொன்ன வியாபாரி, பதினைந்து பெண்கள் கூடியிருக்கும் திண்ணையிலே விலை கேட்கிறார்.

இரண்டாவது சேமிப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. போர் 2009இலே முடிந்தபின் நம் பகுதியிலே குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர். அவர்களைத் தேடிக் கடன் வந்தது. ஈடு வேண்டாம், பிணைக்கு அயலவர் இருவர் போதும் என்று சொல்லி வந்தது. வாராவாரம் தவணை கேட்டு வாசலிலே வந்து நின்றது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மற்றொன்று. பிணை நின்ற அயலவளும் பகையானாள். 2018இலே அரசாங்கமே தலையிட்டு, வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்க்க முன்வர வேண்டியிருந்தது என்றால் அதன் கொடுமை விளங்கும்.

எமது மாதர் சங்கத்துச் சேமிப்போ மிகவும் சிறியது. கிழமைக்கு ஒரு சிறு தொகை, அதையும் இயலாத கிழமையிலே விடலாம். பிள்ளையின் பாடசாலைச் செலவு, கோழிக்கூடு, வைத்தியம் என்று கடன் கேட்பவர் திண்ணையிலே எல்லார் முன்னிலையிலும் காரணத்தைச் சொல்ல வேண்டும். இது நாணத்தைத் தரும் ஏற்பாடு என்றே முதலிற் கருதினோம். பின்னர்தான் விளங்கிற்று. இருட்டிலே வாங்கிய கடனே அவர்களை அழித்தது. வெளிச்சத்திலே வாங்கிய கடனுக்குப் பலர் தோள் கொடுக்கிறார்கள்.

இங்கே எமது கணக்குப் புலமையைப் பற்றியும் சொல்லிவிடுவது நேர்மை. ஓராண்டுக் கணக்கை அழகாகக் கோடு போட்ட கொப்பியிலே எழுதி முடித்து, ஆச்சியிடம் வாசித்துக் காட்டினோம். அவர் கேட்டுவிட்டு, "தம்பி, நீங்கள் எழுதினது வடிவாய்த்தான் இருக்குது. ஆனால் வைகாசியிலை இரண்டு கிழமை கூட்டம் நடக்கேல்லை. அந்தக் காசு எங்கையிருந்து வந்தது?" என்றார். அங்கத்தவர் தொகையைக் கிழமைகளின் தொகையாற் பெருக்கி நாங்கள் நிரப்பிவிட்டோம். ஆச்சியோ நாட்காட்டித் தாள்களின் பின்புறத்திலே கரிக்கோடு இட்டுக் கணக்கு வைத்திருந்தார். அந்தக் கோடுகளே சரி. இரவிரவாக இருந்து திரும்ப எழுதினோம்.

முன்பள்ளி, வீட்டுத் தோட்டம், பினாட்டும் ஒடியலும் பொதி செய்தல் ஆகியவற்றையும் அவர்கள் நடத்துகிறார்கள். நேரங் கருதி அவற்றை விடுகிறோம். சொல்லியே ஆக வேண்டியது கிணற்று விடயம்.

வலிகாமத்து நிலம் சுண்ணாம்புக் கல். அதிலே வெடிப்புகளும் குகைகளும் மிகுதி. தோட்டத்துக்கு நாம் போடும் யூரியாவும், மலக்குழியிலிருந்து கசிவதும் மழையோடு இறங்கி நேரே நிலத்தடி நீரைச் சேர்கின்றன. இதனால் நம் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் பலகாலமாகச் சொல்லிவரும் உண்மை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்த நீரிலே மாப்பால் கரைத்துக் கொடுத்தால், குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாயவும் உயிராபத்து நேரவும் கூடும். குடும்பநல உத்தியோகத்தர் திண்ணைக்கு வந்து இதைச் சொன்னபோது ஒரு தாய், "நாங்கள் நல்லாய்க் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்" என்றார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் வற்ற வற்ற அது செறியுமேயன்றிக் குறையாது. நன்மை செய்வதாக எண்ணி நெடுநேரம் கொதிக்க வைத்த தாயின் முகத்தை அன்று நாங்கள் பார்த்தோம். ஸ்டோனி கிறீக் கதையைப் பிற்பாடு படித்தபோது எமக்கு நினைவு வந்தது அந்த முகமே.

தாய்ப்பாலே முதல் ஆறு மாதத்துக்கும் உத்தமம் என்பது சரி. ஆனால் தாய்ப்பால் கொடுக்க இயலாதவரும் உண்டு. வேலைக்குப் போய்த் திரும்புகிறவரும் உண்டு. ஆகவே சங்கத்துப் பெண்கள் தங்கள் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து அயலிலுள்ள கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவை எல்லையைத் தாண்டியிருந்தன. தோட்டங்களுக்கு விலகி, பழைய மரங்களின் நடுவே உள்ள ஒரு கிணறு தப்பியிருந்தது.

அன்பர்களே, அந்தக் கிணறு இந்த மண்டபத்தின் பின்வளவிலே இருப்பது. நமது சங்கத்துக்குச் சொந்தமானது. அதன் படலைக்குப் பூட்டு உண்டு. திறப்பு நமது செயற்குழுவிடம் இருக்கிறது.

மாதர் சங்கத்தார் காலையிலே ஒரு மணி நேரம் படலையைத் திறந்துவிடும்படி நமக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு கூட்டத்திலே அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலே பூச்செடிகள் மிதிபடும் என்று பேசப்பட்டது. பேசப்படாத காரணம் ஒன்றும் இருந்தது. நாங்களும் அக்கூட்டத்திலே வாய் திறவாது இருந்தவர்களே ஆகையால் பிறர்மேற் பழி போட வரவில்லை. மாதர் சங்கத்திலே வீதிக்கு மேற்கே இருக்கும் தாய்மாரும் அங்கத்தவர்கள். படலையைத் திறந்தால் அவர்களும் அதே துலாவிலே, அதே வாளியிலே அள்ளுவார்கள். பெரியோர் சிலருக்கு அது மனத்தாங்கல். ஆனால் அந்தத் திண்ணையிலே மேற்கும் கிழக்குமாக இருந்து ஒரே பாயின் இரு ஓரத்தையும் பின்னுகிறார்கள். ஒரே செம்பிலே நீர் குடிக்கிறார்கள். அதை எவரும் தீர்மானம் நிறைவேற்றிச் செய்யவில்லை. வேலை மிகுதியாயிருந்தது, செம்பு ஒன்றுதான் இருந்தது, அவ்வளவே.

பூச்செடிகளுக்கு வேலி அடைக்க நாங்கள் மூவரும் வருகிற சனிக்கிழமை வருகிறோம். கதியால்களும் ஓலையும் நாங்களே கொண்டுவருவோம். படலையைக் காலையிலே திறந்து பூட்டும் பொறுப்பை, விடுமுறை முடியும்வரை எங்களிடம் தந்தாலும் சரி, அதன்பின் மாதர் சங்கத்துச் செயலாளர் அக்காவிடம் கொடுத்தாலும் சரி.

அந்த அக்கா கடிதத்தின் மூன்றாவது பிரதியை எழுதி எம்மிடம் தந்திருக்கிறார். பரிசோதனை முடிவும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. அதை இம்மேடையிலேயே தலைவர் அவர்களின் கையிலே கொடுக்கிறோம்.