நிறம் மாறும் கணவாய்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொள்கை மாறுபவனைப் "பச்சோந்தி" என்று ஏசுகிறோம். ஆனால் நிறம் மாறும் வித்தையிற் பச்சோந்தியையும் வென்ற பிராணி நமது கடலிலேயே வாழ்கின்றது. அதுவே நாம் மீன் சந்தையிற் காணும் கணவாய். பச்சோந்திக்கு நிமிடக் கணக்கில் ஆகும் மாற்றத்தை அது ஒரு செக்கனுக்குள் முடித்துவிடும். எவ்வாறு?

கணவாயின் தோலிலே மஞ்சள், சிவப்பு, கபில நிறப்பொருள்கள் அடங்கிய நுண்ணிய பைகள் எண்ணிறந்தன உள. ஒவ்வொரு பையைச் சுற்றியும் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போலத் தசைநார்கள் அமைந்துள்ளன. தசை சுருங்கினாற் பை விரிந்து நிறம் தோன்றும். தளர்ந்தாற் பை சிறு புள்ளியாய் ஒடுங்கும். மூளையிலிருந்து வரும் நரம்புகளே இத்தசைகளை ஆள்கின்றன. அதனாலேயே இத்தனை விரைவு. பைகளின் கீழேயுள்ள வேறு கலங்கள் ஒளியைத் தெறித்து நீலம், பச்சை, வெண்மை ஆகியவற்றைக் காட்டுகின்றன.

ஏன் இந்த வித்தை? சங்கும் சிப்பியும் கணவாயின் உறவினர். அவற்றுக்கு ஓடே அரண். கணவாயின் மூதாதையருக்கும் புறத்தே ஓடு இருந்தது. இன்று எஞ்சியிருப்பது உடலினுள்ளே உள்ள, கரையில் நாம் பொறுக்கும் வெண்ணிறக் கணவாய் ஓடு மாத்திரமே. மெல்லிய தசையை விரும்பாத பெருமீன் எது? ஆகவே மணலில் மணலாகவும் பாறையிற் பாறையாகவும் தோன்றி உயிர் காக்கின்றது. அவ்வாறே மறைந்திருந்து இரையும் பிடிக்கின்றது.

நிறம் அதற்கு மொழியுமாகும். அவுஸ்திரேலியக் கடலில் வாழும் ஓரினத்து ஆண், பெண்ணின் பக்கமாக ஆணின் கோலத்தையும், மறுபக்கம் நிற்கும் போட்டி ஆணுக்குப் பெண்ணின் கோலத்தையும் ஒரே வேளையிற் காட்டுவதை 2012ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

கணவாயின் இனமான சாக்குக்கணவாய் கற்களின் நிறத்தை ஏற்பதை அரிஸ்டோட்டில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 1832இல் கேப் வேர்ட் தீவுக் கரையிலே டார்வினும் அதனைக் கண்டு வியந்தார். அவர்கள் அறியாத விந்தை ஒன்றுண்டு. கணவாயின் கண்ணில் ஒளியுணரும் நிறப்பொருள் ஒரே வகையினதே. நம்மைப் போல நிறங்களை அது பிரித்தறிவதில்லை என்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. சூழலின் ஒளியையும் நிழலையும் உருவங்களையும் நுணுகி நோக்கியே கோலம் புனைகின்றது.

அன்பர்களே, ஓடு போயிற்றென்று கணவாய் அழிந்துவிடவில்லை. மூளையையே கவசமாக்கிக் கொண்டது. மனிதன் நிறம் மாறுவது பெரும்பாலும் ஆசையால்; கணவாய் மாறுவதோ உயிருக்காக. இனி ஒருவரை ஏசும்போது அந்த வாயில்லாச் சீவன்களை இழுக்காதிருப்போமாக.