சிறை மீண்டவனுக்கும் செக்ரோலில் இடம் வேண்டும்
(பொங்கோலில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ஜொகூர் தோட்டத்திலிருந்து வந்த எனக்கு இந்தப் பொங்கோலில் பேச இடம் தந்தமைக்கு நன்றி. இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இந்த மண்ணிலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. ஆகையால் தோட்டத்துக் கிராணி இங்கே அந்நியன் அல்லன்.

குற்றம் செய்து, தண்டனை அனுபவித்து, திருந்தி வாழ விரும்புகிறவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பால் நிறுத்து முடித்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அலுவலக வாசலில் ஒருவர் வந்து நின்றார். எங்கள் லயத்தில் பிறந்தவர். அடிதடி வழக்கில் சிறை சென்று திரும்பியவர். "கிராணி ஐயா, ஒரு வெட்டு கொடுங்க. எந்த மூலைக் காடானாலும் சரி" என்றார். அன்று இரண்டு பேருக்கான மரங்கள் வெட்ட ஆளில்லாமல் கிடந்தன. அது எனக்குத் தெரியும். ஆனாலும், "ஆள் நிறைந்துவிட்டது, தம்பி" என்றேன். துரை சொல்லி நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு ஏன் வம்பு என்று நானாகத்தான் சொன்னேன். மேசை மேல் செக்ரோல் திறந்தே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஓர் ஆண்டுக்குள் அவர் மீண்டும் சிறைக்குப் போனார். குற்றம் செய்தது அவர் கை. கதவைச் சாத்தியது என் கை. அவருடைய தாயார் இன்றும் பெரட்டுக்கு வருகிறார். என்னைக் கண்டால், "வணக்கம் ஐயா" என்கிறார். அந்த வணக்கம் என்னைத் தூங்கவிடவில்லை. சிறையைப் பற்றியும் சிறைப்பட்டவர்களைப் பற்றியும் படிக்கத் தொடங்கினேன்.

தோழர்களே, சிங்கப்பூரைக் கட்டியவர்களில் கைதிகளும் உண்டு. 1825-இல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள், புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையையும் கட்டினார்கள். அது கட்டாய வேலை. அதை நான் புகழமாட்டேன். ஆனால் அந்த முறையில் ஒன்று இருந்தது. நல்லபடி நடந்தவன் படிப்படியாக மேலே வந்தான். கைதிகளுக்குள்ளேயே மேற்பார்வையாளன் ஆனான். பல ஆண்டுகளுக்குப் பின் விடுப்புச் சீட்டுப் பெற்று, வெளியே குடியிருந்து கூலிக்கு உழைத்தான். 1873-இல் அந்தச் சிறை மூடப்பட்டபோது, இந்த ஊரிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் பலர்.

இனி இன்னொரு கதை. 1960-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சிங்கப்பூருக்குத் தெற்கே செனாங் தீவில் கம்பியும் மதிலும் இல்லாத சிறை ஒன்று திறக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட இரகசியச் சங்கத்தார் அங்கே அனுப்பப்பட்டார்கள். அதன் அதிகாரி டேனியல் டட்டன். கடும் உழைப்பு மனிதனைத் திருத்தும் என்று அவர் நம்பினார். காவலர் துப்பாக்கி ஏந்தக்கூடாது என்றார். காடாய்க் கிடந்த தீவில் பாதையும் குடியிருப்பும் எழுந்தன. உலகமே பாராட்டியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, படகுத்துறை வேலையில் மேலதிக நேரம் உழைக்கத் தச்சர்கள் 13 பேர் மறுத்தார்கள். அவர்கள் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு 1963 ஜூலை 12 அன்று கலகம் வெடித்தது. டட்டனும் அவரோடு பணியாற்றிய சில அலுவலர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், கட்டியதெல்லாம் எரிந்தது. 58 பேர் மீது வழக்கு நடந்தது. 1965 அக்டோபர் 29 அன்று 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்தக் கொலைகளுக்கு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. மாண்டவர்களுக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. உழைப்பு மட்டும் ஒருவனைத் திருத்திவிடாது. என்றைக்கு வீடு திரும்புவோம் என்று தெரிய வேண்டும். செய்த வேலைக்கு மதிப்பு வேண்டும். வெளியே தனக்கென ஓரிடம் காத்திருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். இவை இல்லாத உழைப்பு எப்படிப்பட்டது என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாதா?

தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயரை நினைத்துப் பாருங்கள். அவர் தந்தையும் ரப்பர் தோட்டக் கிராணியே. 1951-இலும் 1956-இலும் அவர் சிறையில் அடைக்கப்பட்டார். 1960-இல் அவரே சிறைச்சாலை விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1981-இல் சிங்கப்பூரின் அதிபர் ஆனார். அவருடையது அரசியல் சிறை, வேறு கதைதான். ஆயினும் சிறையின் உள்ளே இருந்தவன் சொல்லையும் நாடு கேட்கலாம் என்று அது காட்டியது.

2004 முதல் சிங்கப்பூரில் மஞ்சள் ரிப்பன் இயக்கம் நடக்கிறது. சிறை மீண்டவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுங்கள் என்று முதலாளிகளையும் பொதுமக்களையும் அது கேட்கிறது. நல்ல காரியம். ஆனால் ரிப்பன் சட்டையில் இருந்து பயனில்லை. பெயர் செக்ரோலில் ஏற வேண்டும்.

ஆகவே நம் கிளைகள் மூன்று காரியம் செய்ய வேண்டும். தண்டனை முடிந்து வருகிறவன் வேலை கேட்டால், சங்கம் அவனுக்காக நிர்வாகத்திடம் பேச வேண்டும். மற்றவர்க்குள்ள அதே கூலியைப் பெற்றுத் தர வேண்டும். பழையதைச் சொல்லிப் பெரட்டுக் களத்தில் அவனை யாரும் குத்திக்காட்டக் கூடாது. திருந்த வருகிற தம்பிக்கும் ஒரு கடமை உண்டு. தன்னால் அடிபட்டவனை மறக்கக் கூடாது. முடிந்தால் அவன் முன் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எங்கள் லயத்துப் பிள்ளை என்றைக்கு விடுதலையாகிறார் என்று சென்ற மாதம் அவர் தாயாரிடம் கேட்டேன். தேதி சொன்னார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன். நிர்வாகத்திடமும் பேசிவிட்டேன், மறுக்கவில்லை. அன்று காலை சிறை வாசலுக்கு நானே போகப் போகிறேன். அவர் என்னோடு வருவாரா, தெரியாது. மறுநாள் பெரட்டில் கூப்பிட அவர் பெயர் செக்ரோலில் எழுதப்பட்டிருக்கும்.