வேலை போனாலும் பொறுப்பு போகாது

 

வேலை போனதும் சிலர் ஜீவனாம்சத்தைச் சொல்லாமலேயே நிறுத்திவிடுகிறார்கள். நீதிமன்ற உத்தரவு அதனால் தானாக நின்றுவிடாது. பாக்கி மாதாமாதம் சேரும், சிறைவரை கொண்டுபோகும்.

தாமதிக்காமல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 146ஆம் பிரிவின்கீழ், தொகையைக் குறைக்கக் கேட்டு மனுச் செய்யுங்கள். வேலைநீக்கக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொண்டுபோங்கள். உத்தரவு மாறும்வரை முடிந்ததை வங்கி வழியாகவே அனுப்புங்கள், கணக்கு இருக்கும்.

சக்திக்கு மீறி அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் வருமானம் சுருங்கியவரும் உள்ளதிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே சூரத்துத் தலாக் 7ஆம் வசனம் தரும் பாடம். உங்கள் சம்பளம் நின்ற மாதத்திலும் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.